மூடி வைத்த டிரம்மும் பிளீச்சிங் தண்ணீரும்: சேலத்து மீன் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடும் தண்ணீரும்

சேலம் கோரிமேடு பக்கம், ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் உள்ள தனி வீடு. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், வீட்டுக்காரரின் அம்மா என நான்கு பேர். கூடத்தில் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன் தொட்டி. முழுக் கொள்ளளவு 190 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக, உள்ளே நிற்கும் தண்ணீர் 150 லிட்டர். ஏஞ்சல் 4, ரம்மி நோஸ் டெட்ரா 12, கோரி 5 என மூன்று வகை மீன்கள் இருந்தன. ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் கொண்ட டாப் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வைத்து 14 மாதம் ஆகியிருந்தது. அதுவரை நோயால் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

வீட்டுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. ஒன்று நல்ல தண்ணி: மேட்டூரிலிருந்து வரும் காவிரி. முறை வைத்துத்தான் வரும். வரும்போது தரைக்கு அடியில் உள்ள 6,000 லிட்டர் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவார்கள். இன்னொன்று உப்புத் தண்ணி: வீட்டு போர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் காவிரி 310 காட்டியது, போர் 1,250 காட்டியது. இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. மேக்னசைட் சுரங்கம் இருக்கும் பகுதி, பாறையிலேயே மக்னீசியம் இருக்கிறது. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போவதும் குழாய் முனையில் வெள்ளைப் படிவு கட்டுவதும் அதனால்தான். மீன் தொட்டிக்குக் காவிரித் தண்ணீர் மட்டுமே பயன்பட்டு வந்தது. தொட்டியின் பி.எச். 7.8, வெப்பநிலை 28 டிகிரி.

அதுவரை இருந்த பழக்கம்

சனிக்கிழமை இரவு மாடித் தொட்டிக் குழாயிலிருந்து 100 லிட்டர் நீல டிரம்மில் தண்ணீர் பிடிப்பார்கள். கொசு முட்டையிடும், பல்லி விழும் என்று மூடியைத் திருகி மூடிவிடுவார்கள். ஞாயிறு காலையில் மீன் தொட்டியில் 60 லிட்டரை வெளியே எடுத்துவிட்டு, டிரம்மிலிருந்து 60 லிட்டரை ஊற்றுவார்கள். குளோரினை முறிக்கும் மருந்து எதுவும் போடுவதில்லை. "ஒரு நாள் வச்சா குளோரின் போயிடும்" என்று மீன் வாங்கிய கடையில் சொன்னதை 14 மாதமும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். ஒரு வாரம்கூட ஏதும் ஆகாததால் அது சரியான முறை என்ற நம்பிக்கை இறுகிப்போயிருந்தது.

குளோரின் டெஸ்ட் கிட் வீட்டில் இல்லை. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட் என்ற நச்சுகளை அளக்கும் கிட்டும் இல்லை.

ஆடி மாதத்து சனிக்கிழமை

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நெருங்க, வீட்டைக் கழுவி வெள்ளையடித்தார்கள். அதோடு சம்ப்பையும் சுத்தம் செய்தார்கள். வேலைக்கு வந்தவர் அடியில் படிந்திருந்த வண்டலை அள்ளி, சுவர்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் தேய்த்து, ஒரு முறை அலசி இறைத்தார். அன்று மாலை காவிரித் தண்ணீர் வந்து சம்ப்பில் ஏறத்தாழ 4,000 லிட்டர் சேர்ந்தது. குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் அம்மா இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை அதில் போடச் சொன்னார். நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் யாரும் அளக்கவில்லை, வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

பிற்பாடு அதே கைப்பிடியைச் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்தபோது இரண்டும் சேர்ந்து 150 கிராம் வந்தது. பிளீச்சிங் பவுடரில் வேலை செய்யும் குளோரின் நூற்றுக்கு 25 என்று வைத்தால் 37 கிராம் குளோரின். 4,000 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 9 மி.கி. பிரித்து வைத்த பொட்டலம் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். சம்ப்பின் சுவரும் மிச்ச வண்டலும் கொஞ்சம் தின்னும். அதனால் உண்மையில் அவ்வளவு இருந்திராது. எவ்வளவு இருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அன்றிரவு 8 மணிக்கு மோட்டார் போட்டார்கள். 9 மணிக்கு டிரம் நிறைந்தது. மூடி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

11 மணிக்கு மகன் வழக்கம்போல 60 லிட்டர் மாற்றினார். அன்று கூடுதலாக ஒரு வேலையும் செய்தார். ஃபில்டர் ஸ்பாஞ்சு அடைத்திருந்ததால் அதைக் குளியலறைக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவினார். வளையங்களையும் அதே தண்ணீரில் அலசினார்.

11.20-க்கு ரம்மி நோஸ்களின் தலைச் சிவப்பு வெளுத்தது. இந்த மீனை வளர்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். தண்ணீர் சரியில்லை என்பதை மற்ற மீன்களுக்கு முன்பே இதன் மூக்கு காட்டிவிடும். 11.30-க்கு எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏஞ்சல்கள் உடம்பைக் கல்லில் உரசி, திடீர் திடீரெனப் பாய்ந்தன. செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொண்டன. கோரிகள் நிமிடத்துக்குப் பல தடவை மேலே வந்து காற்றை விழுங்கிப் போயின.

ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து ஏர் பம்ப்பை முழுவீச்சில் வைத்தார்கள். மாற்றம் இல்லை. மாற்றம் வரவும் வழியில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. குளோரின் செவுளின் மெல்லிய இழைகளைப் பொசுக்கியதால் இருக்கிற ஆக்சிஜனை மீனால் எடுக்க முடியவில்லை. மேல்மட்டத்தில் வாய் பிளக்கும் மீனைப் பார்த்ததும் காற்றுக் குறை என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. தண்ணீர் மாற்றிய அரை மணி நேரத்துக்குள் இது நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஊற்றிய தண்ணீரை.

முதல் ஒரு மணி நேரம்: எடுத்த முடிவுகள்

11.35-க்கு நீண்டநாள் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "டிரம்மைத் திறந்து மோந்து பாருங்க, என்ன வாசம் வருது?" மூடியைத் திறந்ததும் நீச்சல் குளத்து வாசம் அடித்தது. சம்ப் விஷயம் அப்போதுதான் கூடத்துக்கு வந்தது.

நான்கு வழிகள் பேசப்பட்டன.

உடனே இன்னொரு முறை தண்ணீர் மாற்றுவது முதல் வழி. ஆனால் வீட்டுக் குழாய் அத்தனையிலும் வருவது அதே மாடித் தொட்டித் தண்ணீர். மாற்றினால் குளோரின் ஏறுமே தவிர இறங்காது. கைவிட்டார்கள்.

மீன்களை போர்த் தண்ணீர் வாளிக்கு மாற்றுவது இரண்டாவது. அதில் குளோரின் இல்லை என்பது உண்மை. ஆனால் 310-லிருந்து 1,250-க்கு ஒரே தாவலில் போவது, செவுள் வெந்த மீனுக்கு இன்னொரு அடி. இதையும் கைவிட்டார்கள்.

சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் மூன்றாவது. சேமிப்பில் இருந்ததே 8 லிட்டர். 150 லிட்டர் தொட்டியில் அது எதையும் சாதிக்காது.

நான்காவது, குளோரினை முறிக்கும் மருந்தான ஆன்டி குளோரின். மகன் பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்தார். நேரம் 11.50. இங்கேதான் அளவு பற்றிய முடிவு முக்கியமானது. புட்டியில் எழுதியிருந்தது சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கான அளவு. நண்பர் சொன்னது இரண்டு: ஊற்றிய 60 லிட்டருக்குக் கணக்குப் போடாமல் தொட்டியில் உள்ள 150 லிட்டருக்கும் போட வேண்டும், எழுதியதைப்போல மூன்று மடங்கு போட வேண்டும். காரணம், கடைகளில் கிடைக்கும் எளிய ஆன்டி குளோரின் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்தான். அது சில மடங்கு கூடினால் மீனுக்குப் பெரிய கேடில்லை. குளோரின் கொஞ்சம் மிஞ்சினாலும் செவுள் வெந்துகொண்டேயிருக்கும். அளவு தெரியாத நேரத்தில் எந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவோ அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எங்கள் பார்வையில் அந்த நாளின் மிகச் சரியான முடிவு இது.

மருந்தை ஒரு மக் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றினார்கள். ஏர் பம்ப் ஓடியது. விளக்கை அணைத்தார்கள். பத்து நிமிடத்தில் பாய்ச்சல் நின்றது. 12.30-க்கு ஏஞ்சல்கள் நடுமட்டத்துக்கு இறங்கின. அன்றிரவுக்குள் டெட்ரா 4 செத்தன. ஏஞ்சல்களின் உடம்பில் பால் ஏடுபோல் சளி படர்ந்தது. கோரி ஐந்தும் தப்பின. மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜன் எடுக்க அவற்றால் முடியும். அன்று அதுவே கைகொடுத்திருக்கலாம்.

டிரம்மில் மிஞ்சிய தண்ணீர்

மிச்சம் 40 லிட்டரைக் கொட்ட வேண்டாம் என்று நண்பர் சொல்லியிருந்தார். மதியம் 2 மணிக்கு ஓ.டி.ஓ. சொட்டு மருந்து கிட்டோடு வந்தார். குடிநீரில் குளோரின் பார்க்கப் பயன்படும் அதே மஞ்சள் நிறச் சோதனைதான். குழாயில் மாதிரியை எடுத்துச் சொட்டு விட்டதும் நிறம் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்குப் போய்விட்டது. அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் டிரம் தண்ணீர் ஒரு பங்கு, குளோரின் இல்லாத போர்த் தண்ணீர் மூன்று பங்கு கலந்து மறுபடி பார்த்தார். 1 காட்டியது. நான்கால் பெருக்கினால் லிட்டருக்கு 4 மி.கி. 17 மணி நேரம் டிரம்மில் கிடந்த பிறகு இருந்த அளவு இது.

நிறம் சொட்டு விட்ட கணமே ஏறியது. இதுவும் ஒரு தகவல். தனிக் குளோரின் உடனே நிறம் காட்டும். அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமைன் நிறம் காட்டச் சில நிமிடம் பிடிக்கும். ஆக, டிரம்மில் இருந்தது தனிக் குளோரின். அதற்குத் தயோசல்ஃபேட் போதும். குளோரமைன் இருந்தால் தயோசல்ஃபேட் குளோரினை உடைத்துவிட்டு அம்மோனியாவை அப்படியே விட்டுப்போகும். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. ஓ.டி.ஓ. மருந்து விஷம். கையையும் கழுவ வேண்டும்.

60 லிட்டரில் 4 மி.கி. வீதம் 240 மி.கி. அதை 150 லிட்டரில் பரப்பினால் லிட்டருக்கு 1.6 மி.கி. நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மணி நேரச் சராசரிக்குக் குறித்த உச்சம் லிட்டருக்கு 0.019 மி.கி. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குழாயில் குறைந்தது 0.2 மி.கி. தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது நமக்குச் சரியான, பாதுகாப்பான தண்ணீரே மீனுக்கு ஏற்ற அளவைப்போலப் பத்து மடங்கு. தண்ணீரில் பிளீச்சிங் கூடியதால் வந்த விபத்து என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. எந்த நல்ல குழாய்த் தண்ணீரையும் மருந்தில்லாமல் ஊற்றுவது இதே தவறின் சிறிய வடிவம்.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்லப்பட்டது. குடிநீரில் குளோரினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 5 மி.கி. சம்ப்பில் முதலில் அதற்கு மேல் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அளந்து இறங்கும்வரை அந்தத் தண்ணீரைக் கழுவத் துடைக்க மட்டும் பயன்படுத்தினார்கள்.

புதன்கிழமை: இரண்டாவது அடி

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மீன்கள் தேறுவதுபோல் தெரிந்தன. வழக்கம்போலத் தீனி போட்டார்கள். புதன் காலை தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது. ஏஞ்சல்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. டெட்ரா ஒன்று செத்துக் கிடந்தது.

அம்மோனியா கிட் வாங்கிப் பார்த்தபோது மொத்த அம்மோனியா 1.5 மி.கி. நிகழ்வின் பாதி இங்கேதான் இருக்கிறது, பலரும் தவறவிடுவதும் இதைத்தான். மீன் கழிவிலும் செவுளிலும் வெளியேறும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும் குடியிருக்கிறது. ஞாயிறன்று தொட்டிக்குள் வந்த குளோரின் ஒரு பக்கம் தாக்கியது. குழாயடியில் பிழிந்த ஸ்பாஞ்சுக்கு நேரடியாக 4 மி.கி. தண்ணீரே பாய்ந்தது. பிளீச்சிங் பவுடரை நாம் பயன்படுத்துவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். அது நல்லது கெட்டது பார்க்காது. ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தண்ணீர் விழும் சத்தமும் இருந்தது. உள்ளே வேலை செய்யத்தான் யாரும் இல்லை.

பி.எச். இங்கே கணக்கை மாற்றுகிறது. 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். 7.8-ல் அது நான்கு பங்கு, 8-ல் ஆறு பங்குக்கு மேல். இந்தத் தொட்டியில் 1.5-ல் நான்கு சதவீதம், 0.06 மி.கி. வெந்து ஆறாத செவுளுக்கு அது அதிகம்.

கிட் வாங்கப் போன கடையில், மெத்திலீன் ப்ளூ என்ற மீன் மருந்தைப் போடும்படி ஒரு யோசனை கிடைத்தது. மறுத்தார்கள். அது மிச்சம் மீதி இருக்கும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாவையும் (அம்மோனியாவை மாற்றும் அதே பாக்டீரியா) ஒடுக்கும். ஏற்காட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கேனில் கொண்டுவரலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். மலைத் தண்ணீர் மென்மையானது, காவிரித் தண்ணீருக்குப் பழகிய தொட்டியில் 45 லிட்டர் ஊற்றினால் உப்பின் அளவும் பி.எச்.சும் ஒருசேரத் தடுமாறும். அதையும் தவிர்த்தார்கள்.

செய்தது இவ்வளவு. தீனியை அடியோடு நிறுத்தினார்கள். தினம் 45 லிட்டர் மாற்றினார்கள். நண்பரின் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து டாப் ஃபில்டரில் வைத்தார்கள். உலரவிடாமல் கொண்டுவருவதுதான் அதில் முக்கியம்.

மாற்றுவதற்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு வந்த பதில் பலருக்கு வியப்பாக இருக்கும்: அதே மாடித் தொட்டித் தண்ணீர்தான். புதனன்று அதில் 3 மி.கி. இருந்தது. குளோரின் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதை எடுப்பது கணக்கு மட்டுமே. ரசாயனக் கடையில் ஹைப்போ படிகம் வாங்கினார்கள்; புகைப்படம் கழுவுவதற்கு ஒரு காலத்தில் விற்ற அதே சோடியம் தயோசல்ஃபேட். 100 கிராமைக் காய்ச்சி ஆறிய ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்கினார்கள். 1 மி.லி.-யில் 100 மி.கி. ஹைப்போ. 1 மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. ஹைப்போ என்று வைத்தால் எந்த நிலையிலும் குறையாது. 100 லிட்டரில் 3 மி.கி. வீதம் 300 மி.கி. குளோரின், 2,100 மி.கி. ஹைப்போ, 21 மி.லி. கரைசல். பாதுகாப்புக்கு 25 மி.லி. ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டுப் பத்து நிமிடம் கலக்கவிட்டு, ஓ.டி.ஓ. பார்த்தார்கள். நிறமே இல்லை. பிறகுதான் தொட்டிக்கு எடுத்தார்கள்.

நைட்ரைட் நாட்கள்

ஒரு வாரத்தில் அம்மோனியா 0.25-க்கு இறங்கியது, நைட்ரைட் 2-க்கு ஏறியது. நைட்ரைட் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கிறது. குளோரைடு கூடுதலாக இருந்தால் செவுள் வழியாக நைட்ரைட் நுழைவது தடைப்படும். அதற்காக 30 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினார்கள், லிட்டருக்கு 0.2 கிராம். கோரிகளுக்கு உப்பு அதிகம் ஒத்துக்கொள்ளாது என்பதால் இதற்கு மேல் போகவில்லை, போகத் தேவையும் இல்லை. தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு ஏற்ற உப்பை மட்டும், 45 லிட்டருக்கு 9 கிராம், மறுபடி சேர்த்தார்கள்.

இந்த நாட்களில் கோரி 2, ஏஞ்சல் 1 செத்தன. 17-ஆம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். மொத்த இழப்பு 8: முதல் இரவில் 4, அதற்குப் பிறகு 4. கடைசி நான்கும் குளோரின் தண்ணீரிலிருந்து முழுக்க நீங்கிய பிறகு போனவை.

பழைய பழக்கம் 14 மாதம் எப்படித் தாங்கியது?

தொட்டி தேறிய பிறகு நண்பரும் மகனும் சில அளவுகளை எடுத்தார்கள். தண்ணீர் வரும் நாளில் வாசல் குழாயில் 0.5 மி.கி. சம்ப்பில் இரண்டு நாள் கிடந்த பிறகு 0.1. மாடித் தொட்டியில் நிறமே இல்லை. ஆக, 14 மாதமும் டிரம்முக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் குளோரின் பெரும்பாலும் முன்பே தீர்ந்துபோயிருந்தது. சம்ப்பின் சுவரும் வண்டலும் வெயிலில் காயும் மாடித் தொட்டியுமே அதைத் தின்றன. டிரம் எதையும் செய்யவில்லை.

இதை உறுதிசெய்ய 2 மி.கி. அளவில் தண்ணீர் தயாரித்து மூன்று இடங்களில் வைத்தார்கள். மூடிய டிரம்மில் 18 மணி நேரத்துக்குப் பிறகு 1.5. நிழலில் வாய் அகன்ற டப்பில் ஏர் ஸ்டோனோடு 24 மணி நேரத்துக்குப் பிறகு 0.3. மொட்டை மாடி வெயிலில் திறந்த டப்பில் நான்கு மணி நேரத்தில் நிறம் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினை உடைத்துவிடுகிறது. மூடி, இருட்டு, குறுகிய வாய் மூன்றும் சேர்ந்த டிரம்மில் குளோரினுக்குப் போக வழியே இல்லை.

வெயில் முறை வேலை செய்கிறது என்பதால் அதையே கடைப்பிடிக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் நான்கு மணி நேரம் காய்ந்த தண்ணீரை அப்படியே 28 டிகிரித் தொட்டியில் ஊற்ற முடியாது, ஆறவிட வேண்டும். ஐப்பசி மழையில் வெயிலே இருக்காது. ஹைப்போ எல்லா மாதத்துக்கும் ஒன்றுபோல் வேலை செய்யும்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

அம்மோனியா கிட்டைத் திங்களன்றே வாங்கியிருக்க வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியது ஞாயிறன்றே தெரியும். ஃபில்டர் செத்துவிட்டது என்று அப்போதே எடுத்துக்கொண்டு தீனியை நிறுத்தி, கடன் ஸ்பாஞ்சையும் அன்றே வைத்திருந்தால் பின்னால் போன நான்கில் சிலவாவது மிஞ்சியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. முதல் ஒரு மணி நேரத்தைச் சரியாகக் கையாண்டவர்கள், மீன் நீந்தத் தொடங்கியதும் ஆபத்து முடிந்தது என்று எண்ணியதே இடறிய இடம்.

ஃபில்டரைச் சுத்தம் செய்வதும் தண்ணீர் மாற்றுவதும் ஒரே நாளில் வந்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் மற்றது தாங்கும்படி ஒரு வாரம் இடைவெளி வேண்டும்.

ஆன்டி குளோரின் ஊற்றிய பிறகு தொட்டித் தண்ணீரைச் சோதிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று மடங்கு போட்டதால் தப்பித்தது. கிட் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த இருட்டு இருந்திருக்காது.

இப்போது செய்யும் முறை

டிரம் போய் 100 லிட்டர் கொள்ளும் வாய் அகன்ற டப் வந்திருக்கிறது. கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும் என்பதால் காலை 7 மணிக்கு முன் பிடிக்கிறார்கள். முதலில் டி.டி.எஸ்.: 450-க்கு மேல் காட்டினால் யாரோ போர் வால்வைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள், அன்று மாற்றுவதில்லை. பிறகு ஓ.டி.ஓ. நிறம் இல்லாவிட்டாலும், வெளிர் மஞ்சளாக 1 மி.கி. வரை இருந்தாலும் 100 லிட்டருக்கு 10 மி.லி. கரைசல். 2 வரை 20 மி.லி. அதற்கு மேல் போனால் கலந்து பார்த்துக் கணக்குப் போட்டு ஊற்றுகிறார்கள். பத்து நிமிடம் கழித்து மறு சோதனை. வெப்பநிலை இரண்டு டிகிரிக்குள் ஒத்திருந்தால் 60 லிட்டரை அரை மணி நேரத்தில் மெல்ல விடுகிறார்கள்.

ஹைப்போ கரைசல் கருநிறப் புட்டியில், தேதி எழுதி, அலமாரி உள்ளே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதிதாகக் கரைக்கிறார்கள். அடியில் வெள்ளையாகக் கந்தகம் படிந்தால் வீரியம் போய்விட்டது, கொட்டிவிட வேண்டும். பாட்டிக்கும் மருமகளுக்கும் அந்தப் புட்டி எது என்று காட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீர் வாளியிலேயே இரண்டு முறை முக்கிப் பிழிகிறார்கள். கறுப்பு அழுக்கு கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும்.

சம்ப் கழுவும் வேலை ஆண்டுக்கு ஒரு முறை வரத்தான் செய்யும். மோட்டார் சுவிட்சுப் பலகையில் சாக்பீஸால் தேதி போட்டு, "பிளீச்சிங் போட்டிருக்கு, மீன் தொட்டிக்கு எடுக்காதீங்க" என்று எழுதுவது பாட்டியின் பொறுப்பு. ஓ.டி.ஓ. நிறம் இறங்கிய பிறகு பேரன் அதை அழிக்கிறார்.

மிஞ்சிய ஏஞ்சல் மூன்றும் கோரி மூன்றும் டெட்ரா ஏழும் நன்றாக இருக்கின்றன. புது மீன் இன்னும் விடவில்லை. நைட்ரேட் அளவு மூன்று மாதம் ஒரே சீராக வந்த பிறகு டெட்ரா ஐந்து வாங்குவதாக இருக்கிறார்கள்.